நீலம் மஞ்சளாகும் படிகம்: கண்ணுக்குத் தெரியாத அமிலத்தைக் கண்ணுக்குக் காட்டுறது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டுட்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கோம்.)

இன்னைக்கு எபிசோடு ஒரு நீலத் தூளைப் பத்தி.

ஒரு கண்ணாடிக் குடுவைக்குள்ள கொஞ்சம் நீலப் படிகத் தூள். அதே குடுவைக்குள்ள, தள்ளி, ஒரு சின்னக் குப்பியில அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம். ரெண்டும் ஒன்னையொன்னு தொடல. அமிலத்துல இருந்து கிளம்புற ஆவி மட்டும்தான் தூள் மேல படுது. நேரம் போகப் போக நீலம் மஞ்சளாகுது. அந்த மஞ்சள் தூளை வெளிய எடுத்துச் சூடு காட்டினா, உள்ள போன ஆவி கிளம்பிடும். தூள் மறுபடியும் நீலம்.

இதை 2006ல வெளியிட்டவங்க கியெர்மோ மிங்கெஸ் எஸ்பயார்காஸும், இங்கிலாந்துல ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ பிராமரும், அவங்க கூட வேலை செஞ்சவங்களும். அந்தத் தூள் ஒரு தாமிரச் சேர்மம். நிறம் மாறுறது ஒரு பக்கம் இருக்கட்டும். வேதியியல்காரங்க நிமிர்ந்து உட்கார்ந்தது வேற காரணத்துக்கு. அந்தப் படிகத்துல துளையே கிடையாது. ஸ்பான்ஜ்ல தண்ணி போற மாதிரி வாயு உள்ள போக வழியே இல்ல. ஆனாலும் போகுது, உள்ள இருக்கிற எல்லாத்தையும் இடம் மாத்தி உட்கார வைக்குது, திரும்பியும் வந்துடுது.

இன்னைக்கு இந்த ஒரு விஷயத்தைத்தான் பிரிச்சுப் பார்க்கப் போறோம். உலோகம் இருக்கிற ஒரு மூலக்கூறு, அமிலம் பட்டா, தன் படிக அமைப்பையே எப்படி மாத்திக்குது? திரவப் படிகத்துல அதே விஷயம் எப்படி நடக்கும்? முக்கியமா, இதை வெச்சு யாருக்கு என்ன பிரயோஜனம்?

ஏன் காரைக்கால்?

யாருக்குப் பிரயோஜனம்னு கேட்டதும் ஒரு ஊரை மனசுல வெச்சுக்கலாம். காரைக்கால். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது, ஆனா புதுச்சேரியில இருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி, நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு நடுவுல, காவிரி டெல்டாவோட கடைமடையில இருக்கு. கிழக்கே வங்கக் கடல்.

சின்ன ஊர்தான். ஆனா அமிலமும் காரமும் பேசுறதுக்கு ஏத்த ஊர். உப்புல இருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் பிரிக்கிற தொழில் அங்க இருக்கு. குளோரினும் ஹைட்ரஜனும் சேர்ந்தா ஹைட்ரஜன் குளோரைடு, அதாவது நம்ம நீலத் தூளை மஞ்சளாக்கின அதே வாயு. மீன்பிடித் தொழில் இருக்கிற கடற்கரை ஊர்ல ஐஸ் ஃபேக்டரி இல்லாம முடியாது. பெரிய ஐஸ் ஃபேக்டரிகள்ல குளிரூட்டறதுக்கு ஓடுறது பெரும்பாலும் அம்மோனியா. அது காரம். இது போக, 2010ல தொடங்கின புதுச்சேரி என்.ஐ.டி. இருக்கிறதும் காரைக்கால்லதான், திருவேட்டக்குடியில.

இன்னொரு காரணம், நம்ம எல்லா ஊருக்கும் பொதுவானது. பி.வி.சி. பிளாஸ்டிக்கோட எடையில சுமார் 57 சதவீதம் குளோரின். அதை எரிச்சா ஹைட்ரஜன் குளோரைடு வெளிய வரும். உள்ள இருக்கிற செம்புக் கம்பிக்காகப் பழைய வயரைக் குவிச்சு எரிக்கிறதைப் பல ஊர் குப்பைமேட்டுல பார்க்கலாம். எரிக்கிறவங்க கையில எந்த மீட்டரும் கிடையாது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிப்படி, வேலை செய்ற இடத்துக் காற்றுல பத்து லட்சம் பங்குக்கு 5 பங்குக்கு மேல ஹைட்ரஜன் குளோரைடு ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது. அந்த அஞ்சு பங்கைக் கண்ணால பார்க்க முடியாது. மூக்கும் கண்ணும் எரியும்போதுதான் தெரியும்.

மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், சட்டையில குத்திக்கிற ஒரு பேட்ஜ் நிறம் மாறிக் காட்டினா எப்படி இருக்கும்? இந்த ஆராய்ச்சிகள் நம்ம மாதிரி ஆட்களுக்கு முக்கியமாகிறது அங்கதான்.

சீட்டுக்குத் துண்டு போடுற கதை

பன்னிரண்டாம் வகுப்புல அணைவு வேதியியல்னு ஒரு பாடம் வரும். பயமுறுத்துற பேர், ஆனா உள்ளே இருக்கிற விஷயம் எளிது. நடுவுல ஒரு உலோக அயனி. அதைச் சுத்தி, எலக்ட்ரான் ஜோடியைக் கொடுத்துப் பிடிச்சுக்கிற மூலக்கூறுகள். அவங்களுக்குப் பேர் ஈனி. நைட்ரஜன், ஆக்சிஜன், குளோரின் அணுக்கள் இந்த வேலையை நல்லா செய்யும்.

இப்ப அமிலம்னா என்ன? புரோட்டானைக் கொடுக்கிற ஆள். புரோட்டானுக்கும் பிடிச்சது அதே எலக்ட்ரான் ஜோடிதான். ஈனியில இருக்கிற அந்த ஜோடி ஒரு பஸ் சீட்டு மாதிரி. உலோகம் உட்கார்ந்திருக்கு. அமிலம் வந்தா, புரோட்டான் அதே சீட்டுக்குத் துண்டு போடுது. காரம் வந்தா, புரோட்டானை எழுப்பிக் கூட்டிட்டுப் போயிடும். உலோகம் திரும்பி வந்து உட்காரலாம்.

இந்த எபிசோடுல வரப்போற எல்லா உதாரணமும் இந்த ஒரு சண்டைதான். யார் உட்கார்ந்திருக்காங்கங்கிறதைப் பொறுத்து மூலக்கூறோட வடிவம் மாறும். வடிவம் மாறினா, பக்கத்து மூலக்கூறோட அது அடுக்கிக்கிற விதம் மாறும். அடுக்கு மாறினா நிறம், உருகுநிலை, காந்தத் தன்மை, எல்லாமே மாறலாம்.

ஆரத்தித் தட்டுல இருக்கிற அதே கொக்கி

இது லேப் சமாச்சாரம் மட்டும்தான்னு நினைக்காதீங்க. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சத்தூள் தண்ணியில சுண்ணாம்பு சேர்க்கிறாங்க. உடனே சிவப்பு. சட்டையில பட்ட சாம்பார்க் கறை சோப்பு போட்டதும் சிவக்கிறதும் இதேதான். அந்தச் சிவப்புத் தண்ணியில எலுமிச்சை பிழிஞ்சா மறுபடி மஞ்சள்.

மஞ்சள்ல இருக்கிற குர்குமின் மூலக்கூறுல புரோட்டானை விடக்கூடிய இடங்கள் இருக்கு. சுண்ணாம்பு காரம், புரோட்டானைப் பிடுங்குது, நிறம் சிவப்பு. எலுமிச்சை அமிலம், புரோட்டானைத் திருப்பிக் கொடுக்குது, நிறம் மஞ்சள்.

குர்குமினோட நடுப்பகுதியில ரெண்டு ஆக்சிஜன் பக்கத்துப் பக்கத்துல, நண்டோட கொடுக்கு மாதிரி நிக்குது. இந்த அமைப்புக்குப் பேர் பீட்டா டைகீட்டோன். புரோட்டான் விலகினா, அந்தக் கொடுக்கு தாமிரம் மாதிரி உலோகத்தை இறுக்கிப் பிடிக்கும். வலுவான அமிலம் வந்தா, கொடுக்குக்குப் புரோட்டான் திரும்பக் கிடைச்சு, உலோகம் கழண்டுடும். இந்தக் கொடுக்கை ஞாபகம் வெச்சுக்கோங்க. கொஞ்ச நேரத்துல பெங்களூருல அதை மறுபடி சந்திப்போம்.

படிகத்துக்குள்ள என்ன நடந்தது?

இப்ப நீலத் தூளுக்கு வருவோம். அதுல ஒவ்வொரு தாமிர அயனியையும் ரெண்டு குளோரைடும், ரெண்டு பிரிடின் வகை மூலக்கூறோட நைட்ரஜனும் பிடிச்சிருக்கு. பிரிடின்னா பென்சீன் மாதிரி ஒரு வளையம், ஒரு கார்பனுக்குப் பதிலா நைட்ரஜன்.

ஹைட்ரஜன் குளோரைடு வாயு வந்ததும் ரெண்டாப் பிரியுது. அதோட புரோட்டான் நைட்ரஜன்கிட்ட போய் தாமிரத்தோட சீட்டைப் பிடிக்குது. குளோரைடு, தாமிரத்துல காலியான இடத்துக்குப் போகுது. ஒவ்வொரு தாமிரத்துக்கும் இப்படி ரெண்டு மூலக்கூறு வாயு. கடைசியில தாமிரத்தைச் சுத்தி நாலு குளோரைடு, தனியா நேர்மின்சுமையோட ரெண்டு பிரிடினியம். முன்னாடி பிணைப்பால கோத்திருந்த மூலக்கூறு, இப்ப ஒரு உப்பு. நாலு குளோரைடு சூழ்ந்த தாமிரம் மஞ்சளா தெரியும். ஸ்கூல் லேப்ல மயில்துத்தக் கரைசல்ல அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊத்தினா நீலம் பச்சையாகி மஞ்சள் பக்கம் போகும் இல்லையா? அடிப்படை அதேதான். வித்தியாசம், இங்க எதையும் கரைக்கல. திடப்பொருள் திடப்பொருளாவே இருந்துக்கிட்டு உள்ளே மொத்த வரிசையையும் மாத்திக்குது.

துளையே இல்லாத இடத்துல எப்படி நகர்றாங்க? நிற்க இடமில்லாத டவுன் பஸ்ல கண்டக்டர் உள்ள வர்றதை நினைச்சுப் பாருங்க. வழின்னு ஒன்னு கிடையாது. ஒவ்வொருத்தரும் கொஞ்சம் சாஞ்சு, கொஞ்சம் திரும்பி, அவர் கடந்ததும் நெருங்கிக்கிறாங்க. படிகம் நாம நினைக்கிற அளவுக்கு விறைப்பான ஆள் இல்ல.

இதோட தொடர்ச்சியா 2012ல, ஸ்பெயினோட வலென்சியாவுல இருந்து எஸ்பயார்காஸ் குழு இன்னொன்னு காட்டினாங்க. தாமிரம் சங்கிலியா கோத்திருக்கிற, துளையில்லாத ஒரு படிகம். ஹைட்ரஜன் குளோரைடு உள்ள போனதும் தாமிர அயனிகளுக்கு நடுவுல இருக்கிற இணைப்பு மாறி, படிகத்தோட காந்தத் தன்மையே மாறிடுது. அதாவது வாயு வந்துடுச்சுங்கிறதை நிறத்தால மட்டுமில்ல, காந்தத்தாலயும் படிக்கலாம்.

ஜப்பான்ல மசாகோ கட்டோ குழு வேற உலோகத்தை எடுத்தாங்க. பிளாட்டினம். 2005ல அவங்க சொன்ன சேர்மத்துல ரெண்டு கார்பாக்சிலிக் அமிலக் கைகள் வெளிய நீட்டிட்டு இருக்கும். கரைசலோட அமிலத்தன்மைக்கு ஏத்த மாதிரியும், படுற ஆவிக்கு ஏத்த மாதிரியும் நிறம் மாறும். இங்க உலோகம் சீட்டை விட்டு எழுந்திருக்கிறதே இல்ல. தட்டையான பிளாட்டினம் மூலக்கூறுகள் சீட்டுக்கட்டு மாதிரி ஒன்னு மேல ஒன்னு அடுக்கியிருக்கு. ஓரத்துல இருக்கிற அமிலக் கைகள் புரோட்டானை விட்டாலோ பிடிச்சாலோ, பக்கத்து மூலக்கூறோட கைகோக்கிற விதம் மாறும். அதனால ரெண்டு பிளாட்டினத்துக்கு நடுவுல இருக்கிற தூரம் கொஞ்சம் மாறும். அந்தத் தூரத்தைப் பொறுத்துதான் நிறம்.

ஆக, ரெண்டு வழி இருக்கு. ஒன்னு, புரோட்டான் உலோகத்தையே எழுப்பிவிடுறது. இன்னொன்னு, உலோகத்தைத் தொடாம ஓரத்துல இருந்தே வரிசையைக் கலைக்கிறது.

திரவம், ஆனா வரிசையா நிக்குது

அடுத்தது திரவப் படிகம். கால்குலேட்டர் திரையை விரலால அழுத்தினா கறுப்பா ஒரு நிழல் ஓடும் பாருங்க, அதுக்குள்ள இருக்கிறது. திரவம் மாதிரி ஓடும். ஆனா மூலக்கூறுகள் படிகம் மாதிரி ஒரே திசையைப் பார்த்து நிக்கும்.

1888ல ஃபிரெட்ரிக் ரைனிட்சர் கொலஸ்ட்ரில் பென்சோயேட்டைச் சூடு பண்ணிப் பார்த்தார். 145.5 டிகிரியில உருகிக் கலங்கலான திரவமாச்சு. 178.5 டிகிரியில அந்தக் கலங்கல் தெளிஞ்சது. ஒரே பொருளுக்கு ரெண்டு உருகுநிலையா? நடுவுல இருந்த அந்தக் கலங்கல்தான் திரவப் படிக நிலை. 1922ல, பிரான்ஸ் நாட்டுப் படிகவியலாளர் ஜார்ஜ் ஃப்ரிடெல் இந்த நிலைகளுக்குப் பேர் வெச்சார். நூல் மாதிரி தெரியறது நெமாட்டிக், சோப்பு மாதிரி அடுக்கடுக்கா இருக்கிறது ஸ்மெக்டிக். அப்ப காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியிலதான் இருந்தது, 1954 வரைக்கும்.

ரைனிட்சர் சூடு பண்ணின அதே 1888ல, டெல்டாவோட தலைமாட்டுல, திருச்சியில பிறந்தவர் சி.வி. ராமன். அவருக்கு மருமகன் முறை சிவராமகிருஷ்ண சந்திரசேகர். நோபல் வாங்கின வானியற்பியல் சந்திரசேகரும் ராமனோட உறவுதான், ஆனா இவர் வேற. இந்தச் சந்திரசேகர் 1977ல பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்துல, பி.கே. சதாசிவா, கே.ஏ. சுரேஷ் கூடச் சேர்ந்து, திரவப் படிகத்தைப் பத்தின ஒரு பழைய நம்பிக்கையை மாத்தினார். அதுவரைக்கும் தெரிஞ்ச திரவப் படிகம் எல்லாம் குச்சி வடிவ மூலக்கூறு. இவங்க தட்டு வடிவ மூலக்கூறும் திரவப் படிகமாகும்னு காட்டினாங்க. இட்லியை ஒன்னு மேல ஒன்னு அடுக்கின மாதிரி தூண் தூணா நிக்கும். இந்திய இதழான ‘பிரமாணா’வுல வந்த கட்டுரை அது. பின்னாடி எல்.சி.டி. திரையைப் பக்கவாட்டுல இருந்து பார்த்தாலும் தெளிவா தெரிய வெச்ச ஃபியூஜி நிறுவனத்தோட படலத்துல இருந்தது தட்டு வடிவ மூலக்கூறுகள்தான்.

உலோகம் இங்க எங்க வருது? 1986ல சந்திரசேகர், சதாசிவா குழு தாமிரம் வெச்ச ஒரு நெமாட்டிக் திரவப் படிகத்தை வெளியிட்டாங்க. காந்தத்தால ஈர்க்கப்படுற தாமிர அயனி, ஓடுற ஒரு திரவத்துக்குள்ள வரிசையா. அந்தத் தாமிரத்தைப் பிடிச்சிருந்த கொடுக்கு எது தெரியுமா? பீட்டா டைகீட்டோன். மஞ்சள்ல பார்த்தோமே, அதே கொக்கி. அவங்க கட்டுரை காந்தத் தன்மையைப் பத்தினது, அமிலத்தைப் பத்தினது இல்ல. ஆனா அந்தக் கொக்கி வலுவான அமிலத்துக்கு முன்னாடி கை விடுற ரகம்னு நமக்கு ஆரத்தித் தட்டுலேயே தெரியும்.

வெள்ளியும் அமிலமும் ஒரே சீட்டுக்கு

சீட்டுச் சண்டை திரவப் படிகத்தோட நிலையையே எப்படி மாத்தும்னு புரிஞ்சுக்க, ஒரே மூலக்கூறை ரெண்டு பேர் ரெண்டு விதமா பயன்படுத்தின கதை இருக்கு.

ஸ்டில்பசோல்னு ஒரு குடும்பம். ஒரு முனையில பிரிடின் நைட்ரஜன், இன்னொரு முனையில நீளமான கார்பன் வால். 1986ல இங்கிலாந்துல டங்கன் புரூஸ் குழு, வெள்ளி அயனியை நடுவுல வெச்சு ரெண்டு ஸ்டில்பசோலை நைட்ரஜன் பக்கமா கோத்தாங்க. நீளமான ஒரு குச்சி கிடைச்சது. அந்தக் குச்சிகள் திரவப் படிகமாச்சு.

1989ல அமெரிக்காவோட கார்னெல் பல்கலைக்கழகத்துல தகாஷி கட்டோவும் ஜான் ஃப்ரெஷேயும் உலோகமே இல்லாம வேற வழி காட்டினாங்க. இந்தக் கட்டோ வேற ஆள், பிளாட்டினம் கட்டோ இல்ல. அதே ஸ்டில்பசோல் குடும்பம், கூட ஒரு பென்சாயிக் அமில வகை. அமிலத்தோட ஹைட்ரஜன் நைட்ரஜனோட கைகோக்குது. மறுபடியும் நீளமான குச்சி. தனித்தனியா இருந்ததைவிட அதிக சூடு வரைக்கும் அந்தத் திரவப் படிக நிலை தாங்கிச்சு.

அந்த நைட்ரஜன்கிட்ட வெள்ளி உட்கார்ந்தா ஒரு நிலை, மென்மையான அமிலம் கைகோத்தா இன்னொரு நிலை, வலுவான அமிலம் புரோட்டானை முழுசா கொடுத்துட்டா மூனாவது நிலை. சீட்டுல யார்ங்கிறதை மாத்தினா, பொருள் எந்த வெப்பநிலையில உருகும், எந்த வெப்பநிலை வரைக்கும் வரிசையா நிக்கும்ங்கிறது மாறுது.

இதுல பெரிய லாபம் ஒன்னு இருக்கு: பெருக்கம். திரவப் படிகம் கூட்டமா முடிவெடுக்கிற ஆள். ஒரு மூலக்கூறு திரும்பினா பக்கத்துல இருக்கிறதும் சாயும். தெளிவாகிற வெப்பநிலைக்குப் பக்கத்துல வெச்சிருந்தா, கொஞ்சம் கலப்படம் போதும், மொத்த வரிசையும் குலைஞ்சு சாதாத் திரவமாயிடும். ரெண்டு போலரைசருக்கு நடுவுல வெச்சுப் பார்த்தா, வெளிச்சமா இருந்தது இருட்டாயிடும். மைக்ராஸ்கோப்கூட வேண்டாம், கண்ணே போதும்.

இந்தப் பெருக்கத்தை நேரடியா சென்சாராக்கினவங்க அமெரிக்காவுல ராகுல் ஷா, நிக்கோலஸ் ஆபட். 2001ல வந்த வேலை. ஒரு கண்ணாடிப் பரப்புல உலோக அயனிகளைப் பரப்பி, மேல திரவப் படிகத்தை ஒரு மெல்லிய படலமா ஊத்தினாங்க. திரவப் படிக மூலக்கூறுகள் உலோகத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு திசையில நிக்கும். ஆர்கனோபாஸ்பரஸ் மாதிரி ஆவி வந்தா, அது உலோகத்தைப் பறிச்சுக்கும். பிடி விட்ட படலம் மொத்தமா திசை மாறும். நூறு கோடிக்குச் சில பங்குங்கிற அளவு ஆவிக்கே இது நடந்தது. இங்க உணர்ந்தது அமிலத்தை இல்லதான். ஆனா தத்துவம் நம்ம சீட்டுச் சண்டையேதான்.

காரைக்கால் வெயில்ல இது நிக்குமா?

நிஜமான சோதனை இங்கதான் ஆரம்பிக்குது. லேப்ல ஏ.சி. ஓடும், காற்று காய்ஞ்சிருக்கும். கடற்கரை ஊர்ல மூனு எதிரி.

முதல் எதிரி சூடு. இந்த மாதிரி சென்சார் ஆராய்ச்சியில அதிகமா பயன்படுற திரவப் படிகம் 5சிபி. அது சுமார் 24 டிகிரியில இருந்து 35 டிகிரி வரைக்கும்தான் திரவப் படிகம். மே மாசத்துக் காரைக்கால்ல மத்தியானம் 35 தாண்டுறது சாதாரணம். அமிலமே வராம, வெயிலே அந்தப் படலத்தைச் சாதாத் திரவமாக்கிடும். ஆளில்லாமலே அலாரம் அடிச்ச மாதிரி. தீர்வு இருக்கு: பல திரவப் படிகங்களைக் கலந்து எல்லையை விரிக்கிறது. நம்ம டிவியும் போனும் வெயில்ல ஓடுறது அப்படித்தான். ஆனா எல்லையை விரிச்சா, தெளிவாகிற வெப்பநிலை தள்ளிப் போயிடும். கொஞ்சம் கலப்படத்துக்கே குலையிற அந்தக் கூர்மை குறையும். ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கிறதுதான் கஷ்டம்.

ரெண்டாவது எதிரி ஈரம். தண்ணியும் ஒரு ஈனிதான், அதுவும் சீட்டுக்கு வரும். புது பேக், ஷூ டப்பாவுல வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட் பார்த்திருப்பீங்க. சிலதுல நீல மணிகள் ஈரம் பட்டா இளஞ்சிவப்பாகும். அதுல இருக்கிற கோபால்ட்டுகிட்ட குளோரைடு இருந்த இடத்துல தண்ணி போய் உட்கார்றதுதான் காரணம். அமிலத்தைக் காட்ட வேண்டிய பேட்ஜ், ஐப்பசி மழைக்கு நிறம் மாறினா அதை யார் நம்புவாங்க? அது மட்டுமில்ல, ஈரக் காற்றுல ஹைட்ரஜன் குளோரைடு தண்ணியைப் பிடிச்சுப் பனிமூட்டம் மாதிரி நுண்துளியாகும். வாயுவா வர்றதும் துளியா வர்றதும் படிகத்துக்கு ஒன்னு இல்ல. துளி பட்டா தூள் கரையவே ஆரம்பிக்கலாம். நீர் ஒட்டாத உறை போட்டா துளியைத் தடுக்கும், ஈர ஆவியைத் தடுக்காது.

மூனாவது எதிரி காசு. பிளாட்டினம் அழகா நிறம் மாறும், ஆனா குப்பைமேட்டுல வேலை செய்றவர் சட்டையில அதைக் குத்திவிட முடியாது. தாமிரம் கட்டுப்படியாகும். அதனாலதான் 2006ல வந்த அந்த நீலத் தூள் எனக்கு இவ்வளவு பிடிக்குது. மலிவான உலோகம், எளிமையான ஈனி, திரும்பப் பழைய நிலைக்கு வரக்கூடியது.

காரைக்கால்ல தாக்குப்பிடிக்கிற பேட்ஜ், நம்ம கடற்கரை முழுக்கத் தாக்குப்பிடிக்கும். அதனால இந்தப் பொருட்களைச் சோதிக்க வேண்டிய இடம் கடற்கரை ஊர்கள்தான். ஏ.சி. ரூம்ல கிடைச்ச எண்ணை மட்டும் நம்பி, ஒருத்தரோட மூச்சுக்கு உத்தரவாதம் கொடுக்கக் கூடாது.

கேள்வி நேரம்

தலைப்பைச் சொன்னதும் வந்த கேள்விகள்ல மூனு.

*லிட்மஸ் பேப்பர் போதாதா? எதுக்கு இவ்வளவு பாடு?*

நியாயமான கேள்வி. பல இடத்துல லிட்மஸே போதும். ஐஸ் பிளான்ட் மெக்கானிக் அம்மோனியாக் கசிவைக் கண்டுபிடிக்க கந்தகக் குச்சியைக் கொளுத்திப் பைப் ஓரமா காட்டுவார். கசிவு இருந்தா வெள்ளைப் புகை. குளோரின் ஆலையில அதுக்கு நேர்மாறா, அம்மோனியா நனைச்ச துணியைக் காட்டுவாங்க. அதுலயும் வெள்ளைப் புகை. ரொம்ப வருஷமா உயிர் காத்த முறைகள் இதெல்லாம். ஆனா இதெல்லாம் ஒருத்தர் சந்தேகப்பட்டுத் தேடிப் போனாதான் வேலை செய்யும். லிட்மஸுக்கு ஈரம் வேணும், எந்த அமிலம்னு அது சொல்லாது. படிகத்துல எந்த அளவுக்கு நிறம் மாறணும், எந்த வாயுவுக்கு மாறணும், எவ்வளவு சூட்டுல திரும்பணும்ங்கிறதை ஈனியை மாத்தி மாத்தி வடிவமைக்கலாம். ஒரு ஷிஃப்ட் முழுக்க எவ்வளவு வாயு பட்டதுன்னு தன் உடம்புலயே கணக்கு எழுதிவெச்சுக்கிற பேட்ஜ் வேணும்னா, அதுக்கு லிட்மஸ் சரிவராது.

*இப்ப கடையில வாங்க முடியுமா?*

வாயுவுக்கு நிறம் மாறுற பட்டைகளும் குழாய்களும் வேற வேதிப்பொருட்களை வெச்சு ரொம்ப காலமா தொழிற்சாலைகள்ல இருக்கு. நாம இன்னைக்குப் பேசின படிகங்களும் உலோகத் திரவப் படிகங்களும் ஆராய்ச்சிக் கட்டுரைகள்ல கிடைச்ச பொருட்கள். நடுவுல இருக்கிற தூரம்தான் மேல சொன்ன மூனு எதிரி. வேதியியல் படிக்கிறவங்க கவனிங்க: அந்தத் தூரத்துல நிறைய வேலை பாக்கி இருக்கு.

*வீட்டுல செஞ்சு பார்க்கலாமா?*

நீலத் தூள் பரிசோதனை வேண்டாம். அடர் அமிலத்தோட ஆவி விளையாட்டு கிடையாது. மஞ்சள் பேப்பர் செய்யலாம். மஞ்சத்தூளைத் தண்ணியில குழைச்சு, டிஷ்யூ பேப்பரை நனைச்சுக் காய வைங்க. சோப்புத் தண்ணியால ஒரு கோடு போட்டா சிவப்பு. அது மேல எலுமிச்சை பிழிஞ்சா மஞ்சள். மறுபடி சோப்பு, மறுபடி சிவப்பு. புரோட்டான் வர்றதையும் போறதையும் கண்ணால பார்க்கிறீங்க.

அப்புறம் ஒரு எச்சரிக்கை, இதைக் கேட்காம எபிசோடை மூடாதீங்க. பாத்ரூம் கழுவுற ஆசிட்லயும் பல டாய்லெட் கிளீனர்லயும் இருக்கிறது ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். அதைப் பிளீச்சிங் பவுடரோடயோ பிளீச் திரவத்தோடயோ சேர்க்கவே கூடாது. சேர்த்தா வர்றது குளோரின் வாயு. சின்ன பாத்ரூம், மூடின கதவு. அங்க நிறம் மாறிக் காட்ட எந்தப் படிகமும் இருக்காது. ஒன்னை ஊத்தினா, நல்லாத் தண்ணி விட்டுக் கழுவி, இன்னொரு நாள் இன்னொன்னு. வீட்டுல வேலை செய்ற அக்காகிட்டயும் இதைச் சொல்லிடுங்க.

அடுத்த எபிசோடுல உப்புல இருந்து குளோரின் பிரிக்கிறது எப்படின்னு, வேதாரண்யம் உப்பளத்துல இருந்து ஆரம்பிப்போம். அதுவரைக்கும் ஜன்னலைத் திறந்து வைங்க.